ஆய்வை வழிநடத்தும் பதவி: காவலூர், மும்பை, ஆம்பூர்

1

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றால் தோல். இதைச் சொல்ல வரலாற்றாசிரியன் வேண்டியதில்லை. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வருகிறவனுக்கும் மூக்கு சொல்லிவிடும். அதே வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைப் பக்கம் ஏறினால் காவலூர் வருகிறது. 1968இல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்து வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1986 ஜனவரி 6ஆம் தேதி 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதற்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

மலைக்குக் கீழே தோல் ஷாப், மலைக்கு மேலே தொலைநோக்கி. இரண்டும் ஒரே வட்டாரம். இரண்டையும் ஒரே வரலாற்றில் வைத்துப் பேசிய எழுத்து நம்மிடம் ஏறக்குறைய இல்லை. தோல் என்றால் தொழிலாளர் பிரச்சினை, சாதிப் பிரச்சினை, பாலாற்றுப் பிரச்சினை. தொலைநோக்கி என்றால் 'அறிவியல்', 'தேசப் பெருமை'. இப்படிப் பிரித்து வைத்தது யார், இதில் யாருக்கு லாபம் என்று கேட்பதற்கு இப்போது ஒரு அவசரம் வந்திருக்கிறது. அந்த அவசரத்தின் பெயர் குவாண்டம் கணினி.

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. எட்டு ஆண்டுகளுக்கு 6003.65 கோடி ரூபாய். 50 முதல் 1000 கியூபிட் வரையிலான கணினிகளைக் கட்ட வேண்டும் என்பது இலக்கு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை, மும்பை, தில்லி ஐ.ஐ.டி.க்கள் என்று நான்கு மையங்கள். சென்னைக்கு வந்தது குவாண்டம் தகவல் தொடர்பு. பொதுப்பணம் இது. ஆம்பூரில் செருப்பு வாங்குகிறவனும் கட்டுகிற வரி இதில் இருக்கிறது. இந்தப் பணத்தில் கருவியைக் கட்டப்போகும் குழுக்களில் யார் யார் இருப்பார்கள், அவற்றின் தலைமையில் யார் உட்காருவார்கள்? இந்தக் கட்டுரைக்கு இருப்பது இந்த ஒரே கேள்விதான்.

2

முதலில் கருவியைப் பார்ப்போம். குவாண்டம் கணினி என்றதும் ஏதோ மாயம் என்று மிரட்டுகிறார்கள். மிரள வேண்டியதில்லை. இன்று பலர் பின்பற்றும் ஒரு வழி இது: ஒரு மெல்லிய அலுமினியத் தகடு, அதன்மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் கனத்தில் அலுமினிய ஆக்சைடு, அதற்கு மேல் மறுபடி அலுமினியம். இதற்கு ஜோசப்சன் சந்தி என்று பெயர். மின்கடத்தாத அந்த நடு அடுக்கைத் தாண்டி எலெக்ட்ரான் ஜோடிகள் ஊடுருவிச் செல்கின்றன. இந்தச் சந்தியை ஒரு சின்ன மின்சுற்றில் வைத்து, தனிச் சுழிக்கு ஒரு நூறில் ஒரு பங்கு டிகிரி வரை குளிர்வித்தால், அந்தச் சுற்று முழுவதும் ஒரே அணுவைப்போல நடந்துகொள்கிறது. அதுதான் கியூபிட்.

கேட்க எளிது. கட்டுவதுதான் பாடு. ஆக்சைடு கொஞ்சம் கனத்தால் கியூபிட்டின் அதிர்வெண் மாறிவிடும். எங்கோ துளி அழுக்கு ஒட்டியிருந்தால் அது தன் நிலையைச் சீக்கிரம் இழந்துவிடும். ஆக்சிஜனை எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரம் விடுவது என்பதற்குக் குறிப்பு உண்டு. ஆனால் அதே குறிப்பை இன்னொரு ஆய்வகத்தில் பின்பற்றினால் அதே கியூபிட் வராது. அந்தக் கருவியோடு வருஷக்கணக்காகப் பழகிய கை வேண்டும்.

தோல் பதனிடுகிறவர்களுக்கு இது புதுச் செய்தியா? சுண்ணாம்பில் ஊறிய தோலைக் கட்டைவிரலால் அழுத்தி, தடம் எப்படித் தங்குகிறது என்று பார்த்துப் பக்குவம் சொல்கிறார்கள். குரோம் ஏறியிருக்கிறதா என்று அறிய டிரம்மிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்க்கிறார்கள். சுருங்கினால் இன்னும் ஏறவில்லை. குறிப்புப் புத்தகம் அங்கேயும் உண்டு. அதில் இல்லாதது கையில் இருக்கிறது. இரண்டு வேலைகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றுக்குக் கணிதமும் இயற்பியலும் பல ஆண்டுப் படிப்பும் வேண்டும். ஆனால் கையின் பக்குவம் இல்லாமல் இரண்டும் நடக்காது. ஒரு இடத்தில் அந்தப் பக்குவத்துக்கு 'பரிசோதனைத் திறன்' என்று பெயர். இன்னொரு இடத்தில் அதற்குப் பெயரே இல்லை, தினக்கூலிதான் இருக்கிறது. எது அறிவு, எது வேலை என்று பிரிக்கிற கோடு கருவிக்குள் இல்லை. அதை வெளியிலிருந்து போடுகிறார்கள்.

3

'தலைவர்' என்ற கதையாடலுக்கு வருவோம். 2025 அக்டோபரில் இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. 1984-85இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் அவர்கள் செய்த பரிசோதனைக்காக. கையில் பிடிக்கக்கூடிய ஒரு மின்சுற்றே குவாண்டம் விதிகளுக்குக் கட்டுப்படுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அன்று மார்ட்டினிஸ் ஆய்வு மாணவர். 2014இல் அவரையும் அவருடைய குழுவையும் கூகுள் எடுத்துக்கொண்டது. 2019 அக்டோபரில் 53 கியூபிட்கள் கொண்ட 'சிக்கமோர்' சில்லு, மீக்கணினிக்குப் பத்தாயிரம் ஆண்டு பிடிக்கும் கணக்கை 200 விநாடியில் செய்ததாக அறிவித்தார்கள். இல்லை, இரண்டரை நாள் போதும் என்று ஐ.பி.எம். மறுத்தது. அது கம்பெனிச் சண்டை, இருக்கட்டும். நமக்கு வேண்டியது வேறு. அந்தக் கட்டுரையில் கையெழுத்திட்டவர்கள் எழுபதுக்கும் மேல். உலகம் சொன்னது ஒரு பெயர். அந்த ஒரு பெயரும் 2020 ஏப்ரலில் கூகுளை விட்டு விலகிற்று. அதற்கு முன்பே வன்பொருள் தலைமையிலிருந்து அவரை ஆலோசகர் இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? தலைவர் என்பவர் தன் மேதைமையால் மட்டும் தலைவராவதில்லை. அவரை அந்த இடத்தில் வைப்பதும் அங்கிருந்து எடுப்பதும் நிறுவனம். மேதையின் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் வரைந்து காட்டுவதால், அந்த நாற்காலியை யார் செய்து போட்டார்கள் என்பது மறைந்துபோகிறது.

அதற்காகத் தலைமை என்பதே பொய் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது நம்மில் சிலருக்குப் பிடித்தமான சோம்பேறித்தனம். வாங்குவதா, கட்டுவதா என்று முடிவெடுக்கிற இடம் அது. யாரைச் சேர்ப்பது, யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்று தீர்மானிக்கிற இடமும் அதுவே. அந்த இடத்தில் இருந்த இரண்டு பேரை நம் வரலாற்றிலிருந்து பார்ப்போம். இரண்டு பேருமே சென்னையில் பிறந்தவர்கள்.

4

முதலாமவர் ஆர். நரசிம்மன். கிண்டி பொறியியல் கல்லூரி, பிறகு அமெரிக்காவில் கால்டெக், இண்டியானா. 1954இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம் பிரிட்டனிலிருந்து ஒரு கணினியை விலைக்கு வாங்கிற்று. பம்பாயில் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். குழுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். நரசிம்மனைத் தவிர மற்றவர்களுக்கு முதுகலைக்கு மேல் பட்டம் கிடையாது. கணினியைப் பயன்படுத்திய அனுபவமும் கிடையாது. முதலில் ஒரு முன்மாதிரி. பிறகு 1957இல் முழுக் கருவியின் வேலை தொடங்கி 1960இல் இயங்கத் தொடங்கியது. 2700 வெற்றிடக் குழாய்கள், 1700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள், 2048 சொற்கள் கொண்ட நினைவகம். 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார்.

பெயரிட்ட நாளிலேயே அது பழங்கருவி. உலகம் டிரான்சிஸ்டருக்குப் போயிருந்தது. 1964இல் அதே நிறுவனத்துக்கு அமெரிக்கக் கணினி ஒன்று வந்து இறங்கிற்று. டிஃப்ராக்கின் காலம் முடிந்தது. அப்படியென்றால் எல்லாம் வீணா? இல்லை. கட்டியவர்களுக்குக் கணினி என்பது என்ன என்று கையால் தெரிந்தது. கருவி பழசாகிவிட்டது, கற்றுக்கொண்டவர்கள் பழசாகவில்லை. ஆகவே இப்படிப்பட்ட முயற்சியை அளக்க வேண்டியது வேகத்தாலோ எண்ணிக்கையாலோ அல்ல, அதன் வழியே எத்தனை பேர், எப்படிப்பட்ட பேர் கற்றுக்கொண்டார்கள் என்பதால். அந்தச் சிலர் எந்தெந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்பது அநாகரிகம் என்று கருதப்பட்டது.

இரண்டாமவர் வைணு பாப்பு. அவருடைய அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். பாப்பு 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். இந்திய வானில் எங்கே மேகம் குறைவு, எங்கே நகர வெளிச்சம் எட்டாது என்று தேடிக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியை ஜெர்மனியின் கார்ல் சைஸ் கம்பெனியிடமிருந்து வாங்கிப் போட்டார்கள். அது வாங்கியது. அடுத்ததை இங்கேயே கட்டுவது என்றார் பாப்பு. கண்ணாடிப் பாளம் மட்டும் ஜெர்மனியிலிருந்து. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், ஏ.பி. ஜெயராஜன் தலைமையிலான ஒளியியல் கூடத்தில். இரும்புச் சட்டகத்தை வால்சந்த்நகர் ஆலை செய்தது. கட்டுப்பாட்டு மின்னணுவியலுக்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் கைகொடுத்தது.

கண்ணாடியை மெருகேற்றுவது என்றால் சும்மா துடைப்பதல்ல. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்குக்கூட மேடுபள்ளம் இருக்கக்கூடாது. கீல் பூசிய பலகையால் தேய்ப்பது, நிறுத்திச் சூடு ஆறவிடுவது, அளப்பது, மறுபடி தேய்ப்பது. வருஷக்கணக்கில் நடக்கிற வேலை. பாப்பு அது முடிவதைப் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக்கில் இறந்துபோனார். அவர் போன பிறகும் குழு வேலையை முடித்தது. ஒரு தலைமையின் உண்மையான சோதனை அதுதான். அந்த வகையில் பாப்பு ஜெயித்தவர். ஆனால் பெயர்ப்பலகையில் ஒரு பெயர்தான் ஏறியது. தேய்த்த கைகளின் பெயர் காவலூருக்குச் சுற்றிப்பார்க்கப் போகிற பள்ளிப் பிள்ளைக்குத் தெரியாது.

5

இப்போது சட்டத்துக்கு வருவோம். 'தகுதி' பற்றிய பேச்சு காற்றில் மிதப்பதில்லை, காகிதத்தில் எழுதி முத்திரை குத்தியிருக்கிறது.

1975 ஜூன் 23 தேதியிட்ட மத்திய அரசின் அலுவலகக் குறிப்பாணை ஒன்று உண்டு. நெருக்கடிநிலை வருவதற்கு இரண்டு நாள் முன்பு. 'அறிவியல், தொழில்நுட்பப் பதவிகள்' சிலவற்றுக்கு, அமைச்சரின் ஒப்புதலோடு, பட்டியல் சாதி, பழங்குடி இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்கிறது அது. எந்தப் பதவிகளுக்கு? முதல் பிரிவின் அடிமட்ட நிலைக்கு மேலே உள்ளவற்றுக்கு. ஆய்வு செய்வதற்கும், ஆய்வை ஒழுங்கமைப்பதற்கும், வழிநடத்துவதற்கும், நெறிப்படுத்துவதற்கும் உரிய பதவிகளுக்கு.

இதை நிறுத்திப் படிக்க வேண்டும். ஏணியின் முதல் படி வரை வரலாம், அதற்கு மேலே விலக்கு. உள்ளே வந்து கருவியைத் தொடலாம், குழுவை வழிநடத்தும் இடத்துக்கு வருவதற்கு மட்டும் இடஒதுக்கீடு துணை நிற்காது. ஆய்வுக்குழுவின் தலைமை என்பது இங்கே வெறும் திறமையின் பெயர் அல்ல. அது ஒரு சட்ட வகைமை. இடஒதுக்கீடு எட்டாத இடம் என்று வரையறுக்கப்பட்ட வகைமை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2019இல் ஆசிரியர் நியமனத்தில் துறையை அலகாக்கும் 13 புள்ளி முறையை எதிர்த்து நாடு முழுவதும் போராடினோம். பல்கலைக்கழகத்தையே அலகாக்கும் சட்டம் வந்தது. வெற்றி என்று சொன்னோம், வெற்றிதான். ஆனால் அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்தோமா? 'மேன்மை மிக்க நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், தேசிய, கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள்' என்று ஒரு அட்டவணை போட்டு அவற்றுக்கு விலக்கு தந்திருக்கிறார்கள். ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் அதில் இருக்கின்றன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. ஐ.ஐ.டி.க்கள் அந்த அட்டவணையில் இல்லை. அங்கே ஆசிரியர் நியமனத்துக்கு இடஒதுக்கீடு பொருந்தும். ஆனால் 2020இல் அரசு அமைத்த ஒரு குழு, தில்லி ஐ.ஐ.டி. இயக்குநரின் தலைமையில், ஐ.ஐ.டி.க்களையும் விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது.

இந்தியாவில் அதிமின்கடத்திக் கியூபிட்களில் முன்னோடி ஆய்வகங்களில் ஒன்று இருப்பது அதே மும்பை நிறுவனத்தில்தான். ஆர். விஜயராகவன் 2012இன் கடைசியில் அங்கே சேர்ந்து அந்தக் குழுவை உருவாக்கினார். யேலில் டெவொரேயிடம் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 2024 ஆகஸ்டில் ஆறு கியூபிட் செயலி ஒன்றை முழுமையாகச் சோதித்து முடித்ததாக அறிவித்தார்கள். சில்லின் வடிவமைப்பும் தயாரிப்பும் டாடா நிறுவனத்தில், கட்டுப்பாட்டுக் கருவிகள் பூனாவிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் இளம் விஞ்ஞானிகள் கூடத்தில், மென்பொருள் டி.சி.எஸ். கம்பெனியில். நல்ல வேலை, பாராட்ட வேண்டிய வேலை. இந்தியாவில் சில்லையே செய்து காட்டுவது எளிதல்ல. இங்கே சொல்வது எந்தத் தனிமனிதர் மீதும் குற்றச்சாட்டு அல்ல. அந்த ஆய்வகத்தை நடத்துகிறவர் இந்தச் சட்டத்தை எழுதவில்லை. சட்டத்தை எழுதிய அரசைத்தான் கேட்கிறோம்: தேசத்துக்கு 'கேந்திர முக்கியத்துவம்' வந்ததும் தலித்தும் பழங்குடியும் பிற்பட்டவனும் ஏன் வெளியே நிற்க வேண்டும்? அப்படியானால் தேசம் என்று நீங்கள் சொல்வது யாரை?

6

'நமக்கெதற்கு இந்த நவீன அறிவியல்? அதுவே வன்முறைதானே?' என்று நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் கேட்கும். அதற்கும் தோல் வட்டாரத்திலிருந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட இடத்தில் குரோமியம் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைச் சோதித்தார். குரோம்பேட்டை என்ற பெயரே அந்தத் தொழில் போட்ட தடம். 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1958 முதல் 1971 வரை நாயுடம்மா அதன் இயக்குநர். ஆய்வகத்துக்கும் தோல் ஷாப்புக்கும் இடையே பாலம் போட்டவர் என்று அவரைச் சரியாகவே சொல்கிறார்கள். 1970களில் பதனிடாத, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். முடிந்த தோலாக, செருப்பாக அனுப்பு என்றார்கள். குரோம் டிரம்கள் பெருகின. அந்நியச் செலாவணி பெருகிற்று.

கழிவு எங்கே போயிற்று? பாலாற்றுக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதாக அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்ற வழக்கு அது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து.

இதைப் பார்த்து 'அறிவியல் வேண்டாம்' என்ற முடிவுக்கு வருகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். குரோமியம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்த மேசையில் டிரம் தள்ளியவன் உட்காரவில்லை. அவன் தொட்டது வேதிப்பொருளை, முடிவை அல்ல. எந்தக் கழிவு தன் குடிசைக்குப் பக்கத்தில் தேங்கும் என்று அவனுக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கிற இடத்திலும் சொல்கிற இடத்திலும் அவன் வீட்டுப் பிள்ளை இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம். தொழில்நுட்பத்தின் வன்முறைக்கு ஒரு காரணம் அதன் தலைமை யார் கையில் என்பதில் இருக்கிறது. நாம் விலகிப் போனால் அந்த இடம் காலியாக இருக்காது. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் சௌகரியமாகச் சாய்ந்துகொள்வார்கள். விலக்குச் சட்டம் விரும்புவதும் அதைத்தான்.

7

ஆகவே செய்ய வேண்டியவை சில. 1975 குறிப்பாணையையும் 2019 சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஆய்வு நிறுவனங்களுக்கான விலக்கையும் நீக்கக் கோர வேண்டும். இடஒதுக்கீட்டு அரசியல் கல்லூரி வாசலோடு நிற்கக்கூடாது, ஆய்வகத்தின் தலைமை வரை போக வேண்டும். குவாண்டம் இயக்கத்தில் பணம் பெறும் ஒவ்வொரு குழுவும், ஆய்வு மாணவர் முதல் தலைவர் வரை தன் சமூகக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 6003 கோடிக்குக் கியூபிட் எண்ணிக்கை கேட்கிறவர்களிடம் மனித எண்ணிக்கையும் கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்று. குளிர்வியைப் பராமரிப்பவர், வெற்றிடக் கருவியை ஓட்டுபவர், கம்பி இணைப்பவர் இல்லாமல் ஒரு கியூபிட்டும் உயிர் வாழாது. இவை டிப்ளமோ படித்தவர்கள் கற்றுச் செய்யக்கூடிய வேலைகள். ஆம்பூர் பிள்ளைக்கும் ஆலங்காயம், கலவைப் பக்கத்துப் பிள்ளைக்கும் இந்தப் பயிற்சி பாலிடெக்னிக்கிலேயே கிடைக்க வேண்டும். அதோடு அங்கிருந்து மேலே ஏறுகிற வழியும் திறந்திருக்க வேண்டும். வழி இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் அது தோல் ஷாப்பின் பழைய ஏற்பாடுதான், டிரம்முக்குப் பதில் குளிர்வி. கட்டுரைகளிலும் கல்வெட்டுகளிலும் இவர்கள் பெயரும் வர வேண்டும்.

குவாண்டம் இயக்கம் 2031இல் முடிகிறது. தலைமைப் பதவிகளை நிரப்புகிற வேலை இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. பாலாற்றுக்கு நாம் நீதிமன்றம் போனது நிலம் கெட்ட பிறகு. இதில் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. 4ஆம் பிரிவை எடுத்துப் படிக்க ஒரு மாலைநேரக் கூட்டம் போதும்.